பெட்ரீன் மலையும் குட்டி ஈஃபிலும்

பிராக் நகரத்தில் நதிக்கரையில் நின்று மேற்கே நிமிர்ந்தால், பெட்ரீன் மலை உச்சியில் ஓர் இரும்புக் கோபுரம் தெரியும். ஈஃபிலைக் காப்பியடித்தது என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். நிஜமும் அதுதான். 1889இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன செக் சுற்றுலாக் கழகத்தார் ஈஃபிலைப் பார்த்து மயங்கி, ஊர் திரும்பியதும் நமக்கும் ஒன்று வேண்டும் என்று பணம் திரட்டி, 1891இல் நடந்த ஜூபிலி கண்காட்சிக்காக சில மாதங்களிலேயே கட்டி முடித்துவிட்டார்கள்.

உயரம் சுமார் 60 மீட்டர், பாரிஸ்காரரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஆட்கள் சாமர்த்தியசாலிகள். மலையே கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருப்பதால், மிச்ச உயரம் இலவசமாகக் கிடைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது படிக்கட்டுதான். மொத்தம் 299 படிகள். ஏற ஒரு சுருள், இறங்க இன்னொரு சுருள், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகின்றன. அதனால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கும் தொல்லை இல்லை, மூச்சு வாங்கினால் மட்டும் ஓரமாக நின்றுகொள்ளலாம். பக்கவாட்டில் திறந்தவெளி, காற்று நேராக முகத்தில் அடிக்கும், பலமாக வீசினால் கோபுரம் லேசாக ஆடுவது காலில் தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் நடுவில் இருக்கும் லிஃப்டில் போய்விடுவது நல்லது.

மேலே போனால் பிராக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் வைட்டஸ் தேவாலயத்தின் கூர்முனைகள் பக்கத்திலேயே நிற்கின்றன. கீழே வல்டாவா நதி, வரிசையாகப் பாலங்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், எல்லாவற்றுக்கும் அப்பால் கம்யூனிஸ்ட் காலத்து அடுக்குமாடிக் கட்டடங்கள். கிழக்கே 216 மீட்டருக்கு ஜிஷ்கோவ் தொலைக்காட்சிக் கோபுரம். 1953 முதல் பல வருஷம் ஒளிபரப்பு வேலையைப் பார்த்தது பெட்ரீன்தான், அப்புறம் அந்தப் பெரியவர் வந்து வாங்கிக்கொண்டார். அங்கேயும் பார்வை மாடம் உண்டு, உயரமும் அதிகம். இருந்தாலும் கோட்டை இவ்வளவு கிட்டத்தில் தெரிவது இங்கேதான், ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பெட்ரீனுக்கே என் ஓட்டு.

இறங்கும்போது பழத்தோட்டங்கள் வழியாக நடந்தே வாருங்கள். நான்காம் சார்லஸ் 1360களில் கட்டிய 'பசிச் சுவர்' அந்தச் சரிவில்தான் இருக்கிறது. பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கூலி கிடைக்கட்டும் என்றே எழுப்பினார் என்பது ஊர்க்கதை, ஆனால் அந்தத் தடிமனைப் பார்த்தால் மன்னருக்குப் பகைவர் பயமும் நிறையவே இருந்திருக்கும் போலிருக்கிறது.