வீட்டு அக்வாபோனிக்ஸ்: ஷீட்டும் பைப்பும் தேடி வாங்கிய அனுபவம்

வீட்டுக்குப் பின்னால் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கிற அமைப்பு, போடப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது என்ன மீன், என்ன செடி என்றுதான். எனக்கு அதைவிடப் பெரிய கவலை தொட்டிக்குள் விரிக்கிற ஷீட்டும் தண்ணீர் ஓடுகிற பைப்பும். தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் ஒரு தடவை பைப் வழியாகப் போய் மண்ணில் இறங்கிவிடும். இங்கே அதே தண்ணீர் ராப்பகலாக மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆவியானதற்கும் செடி குடித்ததற்கும் மட்டும்தான் நாம் மேலே ஊற்றுவோம். பிளாஸ்டிக்கிலிருந்தோ உலோகத்திலிருந்தோ எது கசிந்தாலும் வெளியே போக வழி இல்லை. தண்ணீரிலேயே தங்கும், இல்லையென்றால் மீனுக்குள்ளும் கீரைக்குள்ளும் போகும், அதைத்தான் நாம் சாப்பிடப் போகிறோம்.

இருப்பது கோவை. நான் திட்டமிட்டது ஹாலோ பிளாக்கில் கட்டிய தொட்டி, ஐந்தடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். இரண்டடிக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 1,100 லிட்டர். அதற்குப் பக்கத்தில் கருங்கல் ஜல்லி நிரப்பிய இரண்டு படுகைகள். ஒரு மோட்டார் தொட்டித் தண்ணீரைப் படுகைக்கு ஏற்றும், ஜல்லியில் குடியேறிய பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், செடி அதை எடுத்துக்கொள்ளும், மீதித் தண்ணீர் தானாக வடிந்து தொட்டிக்குத் திரும்பும். மீனுக்குப் பனையேறியைத் தேர்ந்தெடுத்தேன், மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும் என்பதால் கரண்ட் போனாலும் தாங்கும்.

ஆனால் அந்தத் தாங்கும் குணத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பொருள் பாதுகாப்பைப் பற்றி யாரிடம் பேசினாலும் "மீன் சாகலைல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். பனையேறி மாதிரி ஒரு மீன் உயிரோடு இருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. ஈயமோ பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெயோ சிறு அளவில் கசிந்தால் மீன் செத்து மிதக்காது, கீரை வாடாது, ஒன்றுமே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வாங்கும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 கிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்குக் காரம் போய்விடும். சும்மா விட்டால் பி.எச். 7-க்குக் கீழே நழுவி 6 வரைகூட வரும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதில் தாங்குவதற்குக் காரமே குறைவு, சீக்கிரம் இறங்கிவிடும். தண்ணீர் புளிக்கப் புளிக்க உலோகங்கள் கரைவது அதிகமாகும், மென்மையான தண்ணீரில் தாமிரமும் துத்தநாகமும் மீனைத் தாக்குவதும் அதிகம். குடிநீர்க் குழாயில் பித்தளை வால்வ் பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம், இந்தத் தண்ணீர் வேறு.

சரி, ஷீட்டுக்கு வருகிறேன். அதிகம் அலைந்தது இதற்குத்தான்.

கடையில் போய் தொட்டிக்கு ஷீட் வேண்டும் என்றால் முதலில் எடுத்துப் போடுவது பயோஃபிளாக் என்கிற மீன் வளர்ப்புத் தொட்டிக்கு விற்கிற கனமான தார்ப்பாய். பார்க்க நன்றாக இருக்கும், மடிப்புக்கு அழகாக வளையும், ஓரத்தை வெல்டிங் செய்தே கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதில் பெரும்பாலானது பிவிசி பூசிய துணி. பிவிசி இயல்பிலேயே விறைப்பானது, அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலக்கிறார்கள், எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இருக்கும். அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை, வெறுமனே கலந்து கிடக்கிறது, அதனால் வருஷக்கணக்கில் மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பல காலம் பயன்படுத்தி வந்த தாலேட் வகைகளில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. புதுத் தார்ப்பாயைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிற வாடை, ரெயின்கோட் வாடை, தெரியுமே, அது வந்தாலே நான் அந்த ஷீட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன். குடிநீருக்கென்றே செய்த பிவிசி ஷீட்டும் உலகத்தில் உண்டு, ஆனால் நான் போன கடைகளில் அதற்கான சான்றை யாராலும் காட்ட முடியவில்லை.

"எல்லாம் ஒண்ணுதாங்க, பிளாஸ்டிக்தானுங்க" என்றார் ஒரு கடைக்காரர். ஒன்றில்லை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியும். சாம்பிளாக விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, துண்டை உள்ளே அமுக்கி, ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழியை விரலால் தேய்த்து எடுத்துவிட்டு விடுங்கள். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மேலே வந்துவிடும். பிவிசி கனம், நேரே அடியில் போய் உட்காரும். சோப்பும் குமிழி துடைப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் பிவிசித் துண்டும் குமிழியைப் பிடித்துக்கொண்டு மிதந்து ஏமாற்றும். பாலித்தீன் என்று சொல்லிக் கொடுத்த ஒரு துண்டு என் டம்ளரில் கல் மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து பேரை நம்பாமல் துண்டை வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம்.

பாலித்தீன் என்று உறுதியானாலும் வேலை முடியவில்லை. கான்கிரீட் போடும்போது அடியில் விரிக்கிற கறுப்பு ஷீட் இருக்கிறதே, மலிவு, எங்கும் கிடைக்கும், அது அநேகமாக மறுசுழற்சிப் பிளாஸ்டிக். முன்ஜென்மத்தில் அது பூச்சிமருந்து டப்பாவாக இருந்ததா எண்ணெய் கேனாக இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகளும் தெரியும். அடுத்தது நெய்த தார்ப்பாய். பாலித்தீன் நாடாக்களை நெய்து மேலே மெல்லிய படலம் ஒட்டியது. பொருள் பாதுகாப்பானதுதான், ஆனால் வெட்டின ஓரத்தில் நூல் பிரியும், திரி மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே கசிய விடும், படலம் உரிந்தால் துளித்துளியாக ஒழுகும். ஓரத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே வைத்தால் ஒப்பேற்றலாம்.

ரப்பர் ஷீட்டும் விசாரித்தேன், ஈபிடிஎம் என்பார்கள். மீன்குளத்துக்கென்று செய்தது அருமையான பொருள், நன்றாக வளையும், வெயில் தாங்கும். கூரைக்கென்று செய்ததில் பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் தீப்பிடிக்காமலிருக்க மருந்தும் சேர்த்திருக்கலாம், இரண்டும் கண்ணால் பார்க்க ஒரே கறுப்பு. எனக்குக் கிடைத்தது எந்த வகை என்று உறுதியாகத் தெரியாததால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் எடுத்தது 500 மைக்ரான் (அரை மில்லிமீட்டர்) தடிமனுள்ள ஹெச்டிபிஇ ஜியோமெம்பிரேன், அதாவது அடர்த்தியான பாலித்தீன் ஷீட், பண்ணைக்குட்டைக்கு விரிக்கிறார்களே, அதுதான். புதுப் பிளாஸ்டிக்கில் செய்தது, வளைய வைக்கிற எண்ணெய் எதுவும் தேவைப்படாத பொருள், வெயிலுக்காக 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கார்பன் கரி கலந்திருக்கும், அதனால்தான் கறுப்பு. இங்கே ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன், கடையில் உதவும். சிலர் மைக்ரானில் விற்பார்கள், சிலர் ஜிஎஸ்எம்மில், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று. 500 மைக்ரான் ஹெச்டிபிஇ ஒரு சதுர மீட்டர் சுமார் 470 கிராம் இருக்க வேண்டும். அதனால் 250 ஜிஎஸ்எம் ஷீட்டைக் காட்டி 500 மைக்ரான் என்றால் நம்பாதீர்கள், ஒரு சதுர அடி வெட்டி நகைத் தராசில் வைத்தால் 44 கிராம் பக்கம் காட்ட வேண்டும்.

இதில் குறை என்னவென்றால் விறைப்பு. மூலையில் படியாது, முறைத்துக்கொண்டு நிற்கும். வெட்டி வெல்டிங் செய்யச் சொன்னார்கள், நான் மூலையை வெட்டவே இல்லை, பரிசுப் பொட்டலம் கட்டுவதுபோல் மடித்து, மடிப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேல் கொண்டுவந்து சட்டம் வைத்து அழுத்திவிட்டேன். மத்தியான வெயிலில் கொஞ்ச நேரம் விரித்துப் போட்டால் இளகும், அப்போது மடிப்பது சுலபம். அளவு எடுக்கும்போது நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, ஓரத்துக்குப் பக்கத்துக்கு ஓரடி சேர்க்க வேண்டும். என் தொட்டிக்கு 12 அடிக்கு 11 அடி வந்தது. அடியில் சிமெண்ட் முண்டு முடிச்சுகளைத் தேய்த்துவிட்டு, மணல் தூவி, பழைய சாக்கை விரித்து அதன் மேல்தான் ஷீட்.

பைப் விஷயம் இதைவிடச் சுருக்கம், ஏனென்றால் பைப்பின் மேலேயே எல்லாம் அச்சடித்திருக்கும். பிவிசி கூடாது என்று ஷீட்டுக்குச் சொன்னவன் பைப்புக்கு பிவிசி வாங்கலாமா என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்வி. விறைப்பான யுபிவிசி பைப்பில் அந்த எண்ணெய் கிடையாது. அதில் பார்க்க வேண்டியது ஈயம். பிவிசியை உருக்கும்போது கருகாமலிருக்க ஒரு நிலைப்படுத்தி சேர்க்க வேண்டும், நம் நாட்டில் நெடுங்காலம் அது ஈய உப்பாகத்தான் இருந்தது. பிவிசி பைப்பில் ஈய நிலைப்படுத்தியைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல் தனி விதிகளே கொண்டுவந்தது, இப்போது கால்சியம் துத்தநாகம் போன்ற மாற்று சேர்த்து "லெட் ஃப்ரீ" என்று அச்சிட்டே விற்கிறார்கள். குடிநீர் பைப்புக்கான தரம் ஐஎஸ் 4985. பைப்பைக் கையில் எடுத்து உருட்டினால் ஒரே வரியில் கம்பெனி பேர், ஐஎஸ்ஐ முத்திரை, 4985, வெளிவிட்டம், பிரஷர் எல்லாம் ஓடும். 13592 என்று இருந்தால் அது கழிவுநீர் பைப், எஸ்டபிள்யூஆர். 9537 என்றால் ஒயரிங் பைப். இரண்டும் விலை குறைவாகவும் பார்க்க ஒரே மாதிரியும் இருக்கும், ஆனால் குடிநீர்ச் சோதனை அவற்றுக்குக் கிடையாது. எதுவுமே அச்சிடாத பைப்பை எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் தொடவில்லை. எல்போ, டீ, காலர் வாங்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும், பைப்பை நல்லதாக வாங்கிவிட்டு ஃபிட்டிங்கை லூசில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். சிபிவிசியும் குடிநீருக்கானதுதான், விலை கூட, குளிர்ந்த தண்ணீருக்கு அவசியமில்லை.

ஏற்றுகிற பக்கம் 25 மில்லி, வடிகிற பக்கம் 40 மில்லி போட்டேன். வடிகிற பக்கம் அழுத்தமே இல்லை என்பதால் அங்கே சொல்யூஷன் ஒட்டாமல் இறுக்கிச் செருகினாலே போதும், அடைத்தால் கழற்றிக் கழுவலாம், பசையின் கரைப்பானும் தண்ணீரில் சேராது. ஏற்றுகிற பக்கம் ஒட்டியே ஆக வேண்டும். மெல்லிசாகத் தடவி, வாடை போகும்வரை காயவிட்டு, பிறகு தண்ணீர் ஓட்டிக் கொட்டினேன்.

வளைகிற இடத்துக்குப் பச்சை ஹோஸ் எடுக்கத் தோன்றும். அது வளைகிற பிவிசி, ஷீட்டுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கிற 16 மில்லி கறுப்பு லேட்டரல் பாலித்தீன், மலிவு, அதைப் புதிதாக வாங்கிப் போட்டேன். தோட்டத்தில் உரமும் ஆசிடும் ஓடின பழைய லேட்டரல் வேண்டாம். வால்வ் எல்லாம் பிளாஸ்டிக்தான். பித்தளை, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள் எதுவும் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டேன், கிளாம்ப் மட்டும் ஸ்டெயின்லெஸ். மோட்டாரிலும் கவனம் வேண்டும், உள்ளே எண்ணெய் நிரப்பின சப்மெர்சிபிள் சீல் போனால் எண்ணெய் முழுவதும் தொட்டியில்தான். பைப் துளைப் பக்கம் அடைக்க சிலிக்கான் தேவைப்பட்டால் மீன்தொட்டிக்கான சிலிக்கானே வாங்குங்கள். பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது மீனுக்கு விஷம்.

நீல டிரம்மை வெட்டிப் படுகையாக்கும் யோசனையும் வந்தது. டிரம் ஹெச்டிபிஇதான், நல்ல பொருள், கேள்வி எல்லாம் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்பது. பழக்கூழ், வெல்லப்பாகு என்றால் கழுவிப் பயன்படுத்தலாம். கெமிக்கல் என்றால் எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது மெல்லத் திரும்பி வரும். லேபிள் கிழிந்த டிரம்மைக் கழுவியாச்சு என்று சொல்லி விற்கிறவரிடம் வாங்க மனம் வரவில்லை, படுகைக்கும் அதே ஷீட்டை விரித்துவிட்டேன்.

எல்லாம் பூட்டியபின் மீன் விடவில்லை. தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓட விட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் இறக்கி, மறுபடி நிரப்பி ஓட்டினேன். புதுப் பைப்பின் உட்புறத்தில் இருக்கிறது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான் கரைந்து வரும், அதை இப்படிக் கழுவித் தள்ளிவிடலாம். இறக்கின தண்ணீரைக் கீரைக்கோ வாழைக்கோ விடாமல் பூச்செடிப் பக்கம் விட்டேன். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா, நுரை நிற்கிறதா, முகர்ந்தால் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறதா என்று பார்த்து, மூன்றும் இல்லை என்றபிறகுதான் குஞ்சு வாங்கப் போனேன்.

வெளியே வெயில் படுகிற யுபிவிசி பைப் நாளடைவில் வெளுத்து நொறுங்க ஆரம்பிக்கும், அதற்கு வெளிப்புறம் மட்டும் தண்ணீர் பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஷீட்டில் மிச்சமான துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஹெச்டிபிஇயில் எந்தப் பசையும் நிற்காது, எலி கடித்தாலோ ஜல்லி குத்தினாலோ அதே ஷீட்டின் துண்டை வைத்துச் சூடுகாற்று வெல்டிங் செய்தால்தான் ஒட்டும். பண்ணைக்குட்டை வேலை செய்கிறவர்களிடம் அந்த மெஷின் இருக்கும், ஷீட் வாங்கும்போதே அவர்கள் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.