பேப்பர் வாங்காத வாசகர்கள்: என் ஆய்வு அனுபவம்

2018இல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். நெல்லை வட்டாரத்தில் தமிழ் நாளிதழ்களை யார், எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. அப்பா விடிந்ததும் டீக்கடைக்குப் போவதே பேப்பருக்காகத்தான் என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். தெரிந்த விஷயம்தானே, மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். ஐந்தரை வருஷம் ஆனது. பத்திரிகை ஆய்வுக்கு வருகிற தம்பி தங்கைகள் அடிக்கடி விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு கேள்வித்தாளில் நடந்தது. நாற்பது கேள்விகள் தயாரித்திருந்தேன். முதல் கேள்வி, “நீங்கள் வாங்கும் நாளிதழ் எது?” அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் இரண்டு வாரம் அலைந்து 120 பேரிடம் கேட்டேன். பாதிக்கு மேல் “வாங்குறதில்ல” என்ற பதில். வாங்காதவர்கள் என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடும்படி தாளை அமைத்திருந்தேன். அப்படி ஒரு பெரியவரிடம் நாலே கேள்வியோடு முடித்துக்கொண்டு எழுந்தபோதுதான் கவனித்தேன், அவர் மடியில் அன்றைய பேப்பரின் நடுத்தாள் இருந்தது. “இது என்ன தாத்தா?” என்றேன். “இத யாரு வாங்குதா? கடைக்காரர் வாங்குதாரு, நாங்க படிக்கோம்” என்றார். அன்று ராத்திரியே மொத்தத் தாள்களையும் ஓரமாக வைத்துவிட்டு, “நேற்று பேப்பர் பார்த்தீர்களா? யாருடைய பேப்பர்? எங்கே வைத்துப் பார்த்தீர்கள்?” என்று தொடங்கும் புதிய தாளை எழுதினேன்.

இந்தத் தொழிலில் இரண்டு எண்கள் உண்டு. சர்க்குலேஷன் என்பது விற்ற பிரதிகளின் கணக்கு. 1948இல் தொடங்கிய ஏபிசி (ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ்) அமைப்பு அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை செய்து சான்று தருகிறது. ரீடர்ஷிப் என்பது படித்தவர்களின் கணக்கு. அதை ஐஆர்எஸ் (இந்தியன் ரீடர்ஷிப் சர்வே) என்ற கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் எடுத்துவந்தது. 2019இன் கடைசிக் காலாண்டுக்குப் பிறகு என் ஆய்வு முடியும்வரை புதிய எண்கள் வரவே இல்லை. ஆய்வேட்டில் இந்த இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள். நான் ஒரு அத்தியாயத்தில் கலந்து எழுதி, எங்கள் நெறியாளர் மேடம் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தார்.

சரி, டீக்கடைக்கு வருகிறேன். ஆறு மணிக்குக் கடையில் கட்டு பிரியும். வந்தது ஒரே பேப்பர்தான், ஆனால் ஐந்து நிமிஷத்தில் அது தனித்தனித் தாளாகி ஐந்தாறு கைகளுக்குப் போய்விடும். முதல் பக்கம் கிடைத்தவர் சீக்கிரம் கொடுக்க மாட்டார். உள்ளூர்ப் பக்கத்துக்குத்தான் அடிபிடி. ஒருநாள் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். எட்டரை மணிக்குள் அந்த ஒரு பேப்பரை 34 பேர் தொட்டிருந்தார்கள். கார் பருவ நெல் சாகுபடி நேரம் என்பதால் முக்கால்வாசிப் பேர் முதலில் தேடியது அணை நீர்மட்டத்தைத்தான். பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது அங்கே சின்னப் பையனுக்கும் மனப்பாடம். கண் மங்கிய ஒருவர் டீ கிளாசைக் கீழே வைக்காமலே, “இன்னைக்கு எவ்வளவுடே?” என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர் எண்ணை மட்டும் வாசிப்பார். அந்தக் கேட்டவரும் வாசகர்தான் என்று நான் எழுதினேன். அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழ் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். திருவனந்தபுரத்தில் 1951இல் பிறந்த தினமலர், மொழிவாரி மாநிலப் பிரிவினைக்குப் பிறகு 1957இல் நெல்லைக்கு வந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒருவர் சத்தம் போட்டு வாசிக்க நாலு பேர் கேட்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எளிய தமிழின் பலம் முழுசாகப் புரிந்தது. சின்னச் சின்ன வாக்கியமாக இருப்பதால்தான் அது வாய்விட்டுப் படிக்கத் தோதாக இருக்கிறது.

டீக்கடைக் குறிப்புகளை மேடத்திடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்கும்மா. இதுல பொம்பளைங்க எங்க?” என்று ஒரே கேள்வி கேட்டார். உண்மைதான். அந்தக் கடையில் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான்தான். அப்புறம்தான் பீடி சுற்றும் வீடுகளுக்குப் போனேன். பத்து மணிக்கு மேல் வீட்டு வேலை முடிந்து, ஐந்தாறு பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே திண்ணையில் உட்காருவார்கள். இலையும் தூளும் கையை விடாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது. சில வீடுகளில் டிவி ஓடும். நான் பழகிய ஒரு திண்ணையில், ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண் டீக்கடையிலிருந்து திரும்பி வந்த பேப்பரை வாசிப்பாள். முதலில் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள், அதற்கப்புறம் உள்ளூர்ச் செய்தி, கடைசியில் தங்கம் விலை. ஒரு அஞ்சலிப் படத்தைக் காட்டச் சொல்லி, நூல் சுற்றிய விரலை நிறுத்தாமல் எட்டிப் பார்த்த அக்கா, “இவ எங்கூட அஞ்சாப்பு படிச்சவ” என்றார். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் வாசிக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் என் களமே காணாமல் போனது. கடை மூடல். திறந்த பிறகும் பார்சல் மட்டும்தான், பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். பேப்பரைத் தொட்டால் நோய் ஒட்டும் என்ற பயத்தில் வீட்டுக்கு வருவதையும் நிறையப் பேர் நிறுத்தினார்கள். ஆய்வை மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் ஒரு பேப்பர் ஏஜென்ட் அண்ணாச்சி. அதிகாலை மூன்றரைக்கு வேன் வந்து கட்டைப் போடும் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். இணைப்பைச் செருகுவது, வால்போஸ்டரைப் பெட்டிக்கடைக்குப் பிரிப்பது, வீடு வீடாகப் பேப்பர் போடும் லைன் பையன் வராத நாளில் தானே சைக்கிளை எடுப்பது என்று எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தேன். டெபாசிட், கமிஷன், விற்காத பிரதியை ரிட்டன் எடுக்கிற பேப்பர், எடுக்காத பேப்பர் என்று கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பேப்பரின் விலையில் அதன் அச்சுச் செலவே வராது, மிச்சத்தை விளம்பரம்தான் சுமக்கிறது. 34 பேர் படித்தாலும் விற்றது ஒரு பிரதிதான். அந்த 34 பேரில் கார் வாங்குபவர் இல்லையென்றால் விளம்பரதாரருக்கு அவர்கள் கண்ணில் படுவதில்லை. கிராமத்து வாசகர் இத்தனை பேர் இருந்தும் கணக்கில் இளைத்துப்போவது ஏன் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது.

பத்திரிகை அலுவலகங்களில் எண்கள் வாங்குவது கடினம். ஒரு நாளிதழின் சர்க்குலேஷன் பிரிவுக்கு ஆறு கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. உரிமையாளர் விவரம் மட்டும் வேண்டுமென்றால் அவ்வளவு அலைய வேண்டாம். 2024இல் புதிய சட்டம் நடப்புக்கு வரும்வரை இருந்த 1956ஆம் ஆண்டு விதிகளின்படி, பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் நான்காம் படிவம் என்ற அறிக்கையை அச்சிட வேண்டியிருந்தது. ஆசிரியர், வெளியீட்டாளர், பங்குதாரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த பழைய பேப்பர்களில் அது பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடந்தது.

பழைய இதழ்களுக்காகச் சென்னை போனேன். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவான ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். வேறொரு பெரிய நூலகத்தில் நான் கேட்ட பைண்டுகள், அதாவது தைத்துக் கட்டிய பழைய பேப்பர் தொகுதிகள் இருந்தன, ஆனால் எல்லாமே சென்னைப் பதிப்பு. நெல்லைப் பதிப்பின் உள்ளூர்ப் பக்கம், அணை நீர்மட்டம், கோயில் கொடைவிழா, அஞ்சலி எதுவும் அதில் கிடையாது. என் வாசகர்கள் படித்த பேப்பர் அங்கே இல்லை. வாசலில் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டுக்குக் கீழே இருந்த மச்சுப் பரணுக்கு ஏணி வைத்தார். விளம்பரம் கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்காக நாளுக்கு ஒன்று என்று எடுத்துவைத்த பேப்பர், சணல் போட்டுக் கட்டி, பதினோரு வருஷத்துக்கு இருந்தது.

பழைய பேப்பரைத் தொடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரக்கூழ்த் தாள் என்பதால் பழுத்து, மடிப்பில் தூளாகும். மடிப்பை விரலால் நீவாதீர்கள். கீழே ஓர் அட்டையைக் கொடுத்துத் தூக்குங்கள், மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், நிழலில் வைத்துப் படமெடுங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு தேர்வாளர், “நாலு டீக்கடை, மூணு திண்ணையை வைத்துத் தமிழ்நாட்டைப் பற்றிப் பேச முடியுமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். எத்தனை பேர் என்று நிறுவ இந்த ஆய்வு வரவில்லை, எண்ணுகிறவர்கள் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று காட்டவே வந்தது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, அந்த மச்சைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

பட்டம் கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரண்டு மாணவிகளும் அங்கே போகிறோம். ஏழு வருஷத்துக் கட்டுகளைப் படமெடுத்தாகிவிட்டது. மிச்சம் நாலு வருஷம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், மச்சின் ஒரு மூலையில் ஓடு ஒழுகுகிறது.