ஏன் முடியாது என்று கேட்டேன்

"ஏன் முடியாது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். வகுப்பில் ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி எதையாவது கேட்கிறவள் நான். மணி அடித்ததும் மறந்துபோகும். இது மட்டும் இரண்டு வருடமாக மனசை விட்டுப் போகவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' நடந்துகொண்டிருந்தது. பதினோரு வருடமாக நடத்துகிற கதை. கல்லூரியில் ஆங்கிலம் படித்த பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் முழுதாகச் சொல்லவில்லை. குமாஸ்தாவின் மனைவி மதில்டா, மந்திரி வீட்டு விருந்துக்குப் பணக்காரத் தோழியிடம் வைர மாலையை இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். தோழியிடம் சொல்லாமல் கடன் வாங்கி அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருடம் கடனை அடைக்கிறார்கள். தொலைந்தது போலி என்று கடைசியில்தான் தெரிகிறது. நான் வழக்கமாக நிறுத்துகிற இடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விருந்து முடிந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறார்கள். வண்டி கிடைக்காமல் குளிரில் சேன் நதிப் பக்கம் நடந்து, கடைசியில் ஒரு பழைய குதிரை வண்டியைப் பிடித்து மார்த்திர் தெரு வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். மதில்டா கண்ணாடி முன் நின்று மேலே போர்த்தியிருந்ததை எடுக்கிறாள். கழுத்தில் நகை இல்லை. வந்த வழியெல்லாம் நடந்தே தேடிப் போன கணவன் காலை ஏழு மணிக்கு வெறுங்கையோடு திரும்புகிறான். அப்புறம் அவன் சொல்லச் சொல்ல இவள் தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள்: கொக்கி உடைந்துவிட்டது, சரிபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று.

அங்கேதான் நிறுத்துவேன். "இந்தக் கடிதத்தில் உண்மையை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பேன். முன்பே கதை தெரிந்த யாராவது "அது கவரிங் மேடம்!" என்று கத்துவார்கள். வகுப்பு கலகலக்கும். நகை கொடுத்த தோழி திருமதி ஃபாரஸ்டியர் அன்றைக்கே சொல்லியிருப்பாள், ஐந்நூறு பிராங்கோடு விஷயம் முடிந்திருக்கும், பத்து வருடம் மிச்சம். ஆசைப்பட்டது முதல் தப்பு, பொய் சொன்னது இரண்டாவது தப்பு. கரும்பலகையில் இரண்டையும் எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

அந்த வருடம் சுவர் ஓரத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "இரவல் வாங்கினதைத் தொலைச்சிட்டேன்னு போய் எப்படி மேடம் சொல்ல முடியும்?" என்றாள்.

"ஏன் முடியாது?"

என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "இல்ல மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

நான் அதை எப்படிச் சொன்னேன் என்றுதான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். குரலை உயர்த்தவில்லை, அது நிச்சயம். கேலியும் செய்யவில்லை. லேசாகச் சிரித்தேனோ என்று ஒரு சந்தேகம். சிரித்திருந்தாலும் பிள்ளைகளைப் பேச வைக்கிற சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் பேசவில்லையே. பேச வைக்கக் கேட்ட கேள்வி என்றால், அவள் உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடமாவது காத்திருந்திருக்க வேண்டும். அந்தப் பீரியடில் இன்னும் ஐந்து பக்கம் பாக்கி இருந்தது. மறுநாள் வேறு யூனிட். இதெல்லாம் உண்மைதான், காரணமாகச் சொல்லிக்கொள்ளத்தான் மனம் ஒப்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து இன்டர்னல். கேள்வித்தாள் நான் தயாரித்ததுதான். 'மதில்டாவின் வீழ்ச்சிக்கு அவளுடைய பேராசை, பொறாமை, மனநிறைவின்மை ஆகியவை எவ்வாறு காரணமாகின்றன?' பத்து மார்க். கட்டு முழுக்க நான் கொடுத்த நோட்ஸே திரும்பி வந்தது. அவள் தாளிலும் முதல் பாரா நோட்ஸ்தான். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கணக்கு.

எல்லாம் கதையில் இருக்கிற எண்கள்தான். பலே ரொயால் பக்கத்துக் கடையில் அதே மாதிரி நகைக்கு நாற்பதாயிரம் விலை சொல்லி 36,000 பிராங்குக்குத் தருகிறார்கள். மதில்டாவின் கணவன் லுவாசெலிடம் அப்பா விட்டுப்போன 18,000 இருக்கிறது, மீதி கடன். அந்தக் கடனை அடைக்க அவன் ராத்திரியில் பக்கத்துக்கு ஐந்து சூ கூலிக்குப் பிரதி எடுத்து எழுதுகிறான். இருபது சூ ஒரு பிராங்க். அவள் வரி வரியாகப் போட்டிருந்தாள். நாலு பக்கம் எழுதினால் 1 பிராங்க். 18,000 பிராங்குக்கு 72,000 பக்கம். பத்து வருடம் என்றால் 3,650 ராத்திரி. ஒரு ராத்திரிக்குக் கிட்டத்தட்ட 20 பக்கம். 'வட்டி சேர்க்கவில்லை' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். கடைசியாக ஒரு வாக்கியம். தப்பும் தவறுமான ஆங்கிலம், ஆனால் பொருள் தெளிவாக இருந்தது: ஒரே ராத்திரி போட்டுக்கொண்டதற்கு இவ்வளவையும் திருப்பிக் கொடுத்தவளைப் பேராசைக்காரி என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

நாலு மார்க் போட்டேன். சிவப்பு மையில் 'கேள்விக்கு வெளியே போகிறாய்' என்று எழுதினேன்.

அந்த மார்க்குக்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. கேட்டது பேராசையும் பொறாமையும். கதையில் அவை இல்லையென்று யார் சொல்ல முடியும்? முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கான்வென்ட்டில் கூடப் படித்த பணக்காரத் தோழியின் வீட்டுக்குப் போய்வந்தாலே துக்கம் தாங்காமல் நாள் கணக்கில் அழுகிறாள், அதனால் போவதையே விட்டுவிடுகிறாள். கணவன் சூப் பாத்திரத்தைத் திறந்து 'ஆகா, இதைவிட என்ன வேண்டும்' என்கிறபோது இவள் வெள்ளித் தட்டையும் வேறு யார் வீட்டு விருந்தையும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் பாடுபட்டு வாங்கிவந்த மந்திரி வீட்டு அழைப்பை மேசையில் எறிகிறாள். உடைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் நானூறு பிராங்க் என்கிறாள். அவன் முகம் லேசாக வெளுக்கிறது. கோடையில் நண்பர்களோடு நான்தேர் பக்கம் வானம்பாடி சுடப் போவதற்குத் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்திருந்த தொகை அதேதான். தோழியின் நகைப்பெட்டியில் வளையல்கள், முத்துமாலை, வெனிஸ் வேலைப்பாடு செய்த சிலுவை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு 'வேறு ஏதும் இல்லையா?' என்று கேட்கிறாள். கறுப்பு சாட்டின் பெட்டியில் அந்த வைர மாலையைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. அளவு மீறிய ஆசை என்று மாப்பசானே எழுதுகிறார். நான் சொந்தமாக எதையும் சேர்த்து நடத்தவில்லை.

இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் கதையின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. பிற்பாதியில் பேராசைக்கு நான் காட்ட ஒன்றுமே இல்லை. வேலைக்காரியை நிறுத்திவிட்டு மொட்டைமாடியை ஒட்டின அறைக்குக் குடி போகிறார்கள். இளஞ்சிவப்பு நகம் தேயத் தேய எண்ணெய்ப் பாத்திரம் துலக்குகிறாள். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறாள். காய்கறிக் கடையிலும் கறிக்கடையிலும் ஒவ்வொரு சூவுக்கும் மல்லுக்கட்டுகிறாள். ஒரு நாளாவது ஓடிவிடலாம் என்று அவள் நினைத்ததாகக் கதையில் இல்லை. பதினோரு வருடத்தில் இந்தப் பக்கங்களைப் 'பேராசையின் விளைவு' என்று தலைப்புப் போட்டு வேகமாகத் தாண்டியிருக்கிறேன். விளைவு என்று சொல்லிவிட்டால் நின்று பார்க்க வேண்டியதில்லை.

தாள் கொடுத்த அன்று மதியம் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மார்க் கேட்டு வரவில்லை. "கணக்கு தப்பா மேடம்?" என்று கேட்டாள். "கணக்கு சரிதாம்மா, கேள்விக்கு அது பதில் இல்ல. பரீட்சைல இப்படி எழுதினா கை விட்டுப் போயிரும்" என்றேன். அக்கறையோடு சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செமஸ்டர் தாளை வேறு கல்லூரியில் யாரோ திருத்துவார்கள். அவர்கள் கையில் இருக்கிற விடைக்குறிப்பில் பேராசை இருக்கும், 72,000 பக்கம் இருக்காது. தலையாட்டினாள். தாளை வாங்கக் கை நீட்டிக் குனிந்தபோதுதான் கவனித்தேன். இரண்டு காதிலும் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை நறுக்கிச் சொருகியிருந்தாள். ஒரு குச்சி புதிதாகப் பச்சையாக இருந்தது. இன்னொன்று காய்ந்து கறுத்திருந்தது.

அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். புண்ணாகக் கழற்றியிருக்கலாம், திருகாணி தொலைந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடகு, வட்டி, மூழ்கிப்போன நகை என்று ஒரு கதையை நானாக அவள் வீட்டுக்குள் கட்டிவிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் 'வட்டி சேர்க்கவில்லை' என்ற அடிக்கோடு அந்த நிமிடத்தில் எனக்கு வேறு மாதிரி கேட்டது. லுவாசெல் கந்துவட்டிக்காரர்களிடம், திருப்ப முடியுமா என்றுகூடத் தெரியாமல், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான் என்ற வரியை நான் படித்துக் காட்டினபோது வகுப்பில் யார் யார் அதைக் கதையாக மட்டும் கேட்டார்கள்?

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் நகை இரவல் வாங்கினதில்லை, கொடுத்திருக்கிறேன். சித்தி மகள் ஒரு வளைகாப்புக்கு என்னுடைய கல் வைத்த ஆரத்தை வாங்கிப் போனாள். திருப்பிக் கொண்டுவந்தபோது அவள் எதிரிலேயே பெட்டியைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கல்லை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவள் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், நான் எண்ணி முடிக்கும்வரை குடிக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்காக்கா?" என்றாள். அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பொருள் என்றால் பார்த்துத்தானே வாங்க வேண்டும். ஒரு கல் குறைந்து, அவள் வாய் திறந்து "விழுந்துருச்சுக்கா" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் அடுத்த முறை கேட்டால் கொடுத்திருக்க மாட்டேன், அதுவும் தெரிகிறது.

திருமதி ஃபாரஸ்டியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. திறந்துவிடுவாளோ என்று மதில்டா நடுங்குகிறாள். அவளோ 'முன்னாடியே கொடுத்திருக்கணும், எனக்குத் தேவைப்பட்டிருக்கலாம்' என்று முகம் கொடுக்காமல் சொல்கிறாள். எடுத்துக்கொள் என்று தாராளமாகக் கொடுத்தவள்தான் இப்படிப் பேசுகிறாள். கொடுத்தபோதே இது கவரிங், பயப்படாமல் போட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவளை நான் ஒரு வருடமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதில்லை. உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு முழுவதையும் வாங்கினவள் தலையில் வைத்துத்தான் நடத்தினேன்.

மாப்பசானும் குமாஸ்தாவாக இருந்தவர். கடற்படை அமைச்சகத்தில் சில வருடம், 1878-க்குப் பிறகு கல்வி அமைச்சகத்தில். லுவாசெல் வேலை பார்ப்பதும் அதே கல்வி அமைச்சகம்தான். இந்தக் கதை 1884-ல் பத்திரிகையில் வந்தது. அதற்கு முந்தின வருடம்தான் இதைத் தலைகீழாகத் திருப்பினது மாதிரி ஒரு கதை எழுதியிருந்தார். அதில் மனைவியின் கவரிங் நகைகள் என்று கணவன் நினைத்திருந்தது அவள் செத்த பிறகு அசல் என்று தெரியவரும். அவனும் குமாஸ்தாதான். எது அசல், எது போலி என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத வாழ்க்கையில் இருக்கிறவர்களைத்தான் அவர் அருகிலிருந்து பார்த்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இதுவும் நானாக ஏற்றிச் சொல்வதோ என்னவோ. இந்தப் பெண் கணக்குப் போட்டிருக்காவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்குமா?

செமஸ்டரில் அவள் நோட்ஸை அப்படியே எழுதினாளாம். கூடப் படித்த பெண் சொன்னாள். நல்ல மார்க்தான் வந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டதால் வந்த மார்க். சந்தோஷப்பட வேண்டியவள் நான்.

கடைசியாக ஒரு தடவை அவளைப் பார்த்தேன். நோ டியூஸ் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர். கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்: அன்றைக்கு என்னம்மா சொல்ல வந்தாய், நான் 'ஏன் முடியாது' என்றதும்? பேனா கையில் இருந்தது. "அடுத்து என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன். "பி.எட். பார்க்கணும் மேடம், இல்லன்னா வேலை" என்றாள். காதில் தோடு இருந்ததா என்று பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இந்த வருடம் கடிதம் எழுதுகிற இடம் வந்தபோது வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சும்மா படித்துக்கொண்டு போனேன். ஒரு பையன் அவனாகவே எழுந்து, "உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லல்ல மேடம்?" என்றான். சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்வது சுலபம் இல்லை என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை, முகத்தில் தெரிந்தது. நோட்டில் என்ன எழுதிக்கொண்டானோ.

இன்டர்னலுக்கு அதே கேள்வியைத்தான் வைத்தேன். செமஸ்டருக்கு அதுதான் வரும், பிள்ளைகள் எழுதிப் பழக வேண்டும். விடைக்குறிப்பில் மட்டும் கடன் அடைத்த பத்து வருடத்தைப் பற்றி எழுதினால் மூன்று மார்க் என்று சேர்த்திருக்கிறேன். நாற்பத்தாறு தாளில் இதுவரை இருபது திருத்திவிட்டேன். யாரும் எழுதவில்லை. அவளுடைய பழைய தாள் கட்டு இந்நேரம் எடைக்குப் போயிருக்கும்.