கலீனா அட்டையின் முதுகுக்கு மூன்று சனிக்கிழமை

கடைசியில் உரிந்து வந்துவிட்டது. இல்லினாய் மாநிலத்துக் கலீனா ஊரின் மெயின் ஸ்ட்ரீட், ரியல் போட்டோ தபால் அட்டை, அதாவது புகைப்படத் தாளிலேயே நேராக எடுத்த படம். யாரோ ஒரு புண்ணியவான் அதன் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, கறுப்பு ஆல்பம் தாளில் ஒட்டியிருந்தார். விற்றவர் அந்தத் தாளின் மேல் பென்சிலால் '1905' என்று எழுதி, அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போதே சந்தேகம். படத்தில் முன்னால் நிற்பது குதிரை வண்டிதான். ஆனால் தெரு வளையும் இடத்தில் கறுப்பாக ஒன்று இருக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கார் மாதிரி. ஸ்டாம்ப் ஒட்டும் கட்டத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும், அது தாளுக்கு அடியில்.

முதல் சனிக்கிழமை ஈரப் பஞ்சு. ஓரமாகக் கசிந்து முன்பக்க ஜெலட்டின் இளகியதில் என் கட்டைவிரல் ரேகை ஒரு மூலையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இரண்டாவது வாரம் பிளேடால் சுரண்டியதில் அட்டையின் தோலே கொஞ்சம் வந்தது. அப்புறம்தான் மெத்தில் செல்லுலோஸ், தண்ணீரில் கரைத்தால் ஜெல்லாகும் தூள். முந்தின இரவே கரைத்துக் கெட்டியாக வைத்தேன். வீட்டில் எட்டிப் பார்த்து, "வேட்டிக்குக் கஞ்சியா?" என்று கேட்டார்கள்.

சூட்சுமம் இதுதான்: கறுப்புத் தாளை முதலில் உலர்வாகவே அடுக்கடுக்காக உரித்து, கடைசிப் படலத்தில் மட்டும் ஜெல் வைக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு. பன்னிரண்டு நிமிடம் விட்டால் பசை குழைகிறது. இருபது விட்டால் கறுப்புச் சாயம் அட்டைக்குள் இறங்குகிறது. சுரண்டவே கூடாது. எலும்புக் கத்தியின் முனையால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். முடிந்ததும் முகத்துக்கு ஒட்டாத சிலிக்கோன் தாள், முதுகுக்கு ஒற்றுத்தாள், மேலே பாரம். இல்லாவிட்டால் அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

ஸ்டாம்ப் கட்டத்தில் 'அஸோ' என்ற எழுத்து, அது புகைப்படத் தாளின் பிராண்டு பெயர். மூலை முக்கோணங்களில் இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி. நான்கும் மேல்நோக்கி இருந்தால் 1904–1918, இது 1918–1930. போதாததற்கு செய்திக்கும் முகவரிக்கும் நடுவில் கோடு போட்ட முதுகு, அமெரிக்காவில் அதுவே 1907 மார்ச்சுக்குப் பிறகுதான். ஆக, 1905 சுத்தப் பொய். கொடுத்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அந்தக் கறுப்புப் புள்ளி கார்தான் என்று நான் சொன்னது சரி.

துணி மாதிரி சொரசொரப்பான தாளில் அச்சடித்த லினன் அட்டைகளில் இந்தத் தலைவலியே இல்லை. சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனிக்காரர்கள் அட்டையின் எண்ணிலேயே ஆண்டை வைத்துவிட்டார்கள்: '5ஏ-ஹெச்' என்றால் 1935, '2பி-ஹெச்' என்றால் 1942. அவர்களுடைய ஆவணங்கள் இப்போது நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன. ஒருநாள் போக வேண்டும். அடுத்து, அமெரிக்க அதிபராக இருந்த யுலிசிஸ் கிராண்டின் கலீனா வீட்டு அட்டைகளை வரிசைப்படுத்தும் எண்ணம். 1865இல் ஊர்க்காரர்கள் அவருக்குக் கொடுத்த வீடு, 1904இல் பிள்ளைகள் நகராட்சிக்குக் கொடுத்தது, 1931இல் மாநில அரசுக்குப் போனது. இந்த மூன்று காலத்திலும் முற்றத்து மரங்கள் எப்படி மாறின என்று பார்க்கலாம். அதே ஊரின் டிசோட்டோ ஹவுஸ் ஓட்டல் அட்டையும் வேண்டும், நல்ல நிலையில் கிடைத்தால்.

அதற்குமுன் இந்த அட்டையின் இடது ஓரத்தில் விரல்நுனி அளவு பசை பாக்கி. அதற்கடியில் பென்சில் எழுத்து தெரிகிறது. ஜெல் பட்டால் பென்சில் நிற்குமா என்று ஒரு உதவாத அட்டையில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.