ப்யூர் டேட்டாவில் ஒரு தந்தி: சத்தம் சுலபம், சுருதிதான் பாடு

ப்யூர் டேட்டாவில் (பெட்டிகளை இணைத்து ஒலி உருவாக்கும் கணினி நிரல்) மீட்டிய தந்தியின் ஒலியை உண்டாக்க, கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-ல் வெளியிட்ட முறை இது. ஒரு அலைவு நேரத்துக்கு இரைச்சலை டிலேக்குள் (ஒலியைத் தாமதித்துத் தரும் நினைவகம்) விட வேண்டும் (110 ஹெர்ட்ஸுக்கு 9.1 மில்லிசெகண்ட்). வெளியே வருவதை முந்தைய சாம்பிளோடு (ஒலி அலையின் ஓர் அளவீட்டு எண்) சராசரி எடுத்து மறுபடி உள்ளே அனுப்பினால், தந்தியை மீட்டியது போலக் கேட்கும். தேவையான பெட்டிகள்: இரைச்சலுக்கு நாய்ஸ்~, டிலேயில் எழுத டெல்ரைட்~, படிக்க டெல்ரீட்4~, சராசரிக்கு ஆர்சீரோ~ (எண் −1, பிறகு 0.5-ஆல் பெருக்கல்). பத்து நிமிட வேலை.

ஈ5 (659 ஹெர்ட்ஸ்) வரை ஒழுங்காக ஏறும். எஃப்5 (698) அழுத்தினால் சுருதி அங்கேயே நின்றுவிடும். ஜி, ஏ எல்லாம் அதே சுரம். பேட்ச்சில் (இணைத்த பெட்டிகளின் வரைபடத்தில்) பிழை தேட வேண்டாம். ப்யூர் டேட்டா 64 சாம்பிள் கட்டுகளாகக் கணக்கிடுவதால், தன் ஒலியைத் தானே வாங்கும் வளையம் அதைவிடச் சுருங்காது. விநாடிக்கு 44100 சாம்பிள், அதை 64-ஆல் வகுத்தால் 689. இடைச்செருகலுக்கும் (டெல்ரீட்4~ இரு சாம்பிள்களுக்கு நடுவிலுள்ள மதிப்பைக் கணிப்பது) சராசரிக்கும் போக இன்னும் குறையும். வளையம் முழுவதையும் ஒரு சப்பேட்ச்சில் (பேட்ச்சுக்குள் இருக்கும் சிறு பேட்ச்) போட்டு, கட்டின் அளவைக் குறைக்க பிளாக்~ 16 வையுங்கள், சுமார் 2,500 ஹெர்ட்ஸ் வரை போகும். டெல்ரைட்~ வெளியே தங்கிவிடக் கூடாது. பிளாக்~ 1 என்று இறங்கினால் பிராசஸர்தான் திணறும். தந்திக்கு அது வீண்.

அடுத்தது அரை சாம்பிள். சராசரி எடுப்பதே 0.5 சாம்பிள் தாமதம். எனவே 1000-ஐ அதிர்வெண்ணால் வகுத்து அதில் 0.0113 மில்லிசெகண்ட் கழிக்க வேண்டும். 4 இல்லாத வெறும் டெல்ரீட்~ முழு சாம்பிளாகத்தான் படிக்கும்: 880 கேட்டால் 873 வரும், அல்லது 891. முதலாவது 13 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்கம், இரண்டாவது 21 சென்ட் ஏற்றம். 110-ல் இதே தவறு 2 சென்ட்டைத் தாண்டாது. கீழ்ச்சுரத்தில் மட்டும் சோதித்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒலி அடங்கும் நேரம் இன்னும் வம்பு. 4 விநாடியில் 60 டெசிபல் இறங்க 110-க்கு 0.984, 880-க்கு 0.998 என்று ஃபீட்பேக் (மறுபடி உள்ளே அனுப்புமுன் பெருக்கும் எண்) கணக்கு வரும். ஆனால் 880-ல் சராசரி மட்டுமே 4 விநாடியில் ஒலியைத் தின்றுவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 2 விநாடிதான் மிச்சம். இசையமைப்பாளர் டேவிட் ஜாஃபேயும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே 1983-ல் காட்டிய வழி, சமமில்லாச் சராசரி: புதிய சாம்பிளுக்கு 0.9, பழையதற்கு 0.1. ஆர்சீரோ~வில் −0.111, பெருக்கல் 0.9, 880-க்கு ஃபீட்பேக் 0.9987. ஒலி சற்றுக் கூர்மையாகும், அது நல்லதே. இப்போது வடிகட்டியின் தாமதம் 0.5 அல்ல, 0.1. முந்தைய கழித்தலை மாற்றாவிட்டால் சுருதி மறுபடி ஏறிவிடும்.

டிசியை (அலை பூஜ்யத்திலிருந்து நிலையாக விலகி நிற்பது) அகற்ற ஹிப்~ 5 (5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும் வடிகட்டி) தேவை. அதை வளையத்துக்குள் செருகினால் 110 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 12 சென்ட் ஏறும், வெளியீட்டில் வையுங்கள்.

ட்யூனரில் பார்க்கும்போது மீட்டிய அரை விநாடி கழித்து வரும் எண்ணை எடுங்கள். அதற்கு முன் இரைச்சல் இன்னும் அடங்கியிருக்காது, முள் அலையும்.