கசிவு வந்தால் என்ன செய்வீர்கள் டாக்டர்?

எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கிறார்கள், அடுத்த மூச்சில் எந்த டாக்டர் என்று கேட்கிறார்கள். பெயரை நான் சொல்வதில்லை, அதில் சிலருக்கு வருத்தம்கூட உண்டு. என் வயிற்றுக்குச் சரியாக வந்தவர் உங்கள் வயிற்றுக்கும் சரியாக வருவார் என்று என்னால் பொறுப்பேற்க முடியாது. ஆனால் மூன்று பேரைப் பார்த்து, எட்டு மாதம் அலைந்து, ஒருவரை எப்படி முடிவு செய்தேன் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் போனது ரொம்பவும் பெயர் பெற்ற ஒருவரிடம். காத்திருக்கும் அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் இரும்புக் கைப்பிடி வைத்தவை. என்னால் அதில் உட்கார முடியவில்லை. என்னைப் போலவே இன்னும் இரண்டு பேர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எடை பார்க்கும் இயந்திரம் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில். நர்ஸ் என் எடையை உரக்கப் படித்தார். பிரஷர் பார்க்கும் பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை, இழுத்துப் பிடித்துக் கட்டி அளந்தார்கள். சின்னப் பட்டையில் அளந்தால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அந்தக் கூடுதல் எண்தான் என் ஃபைலில் ஏறியது. அன்றைக்கு இதையெல்லாம் அவமானமாக விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் அது அவமானத்தைவிடப் பெரிய விஷயம். உடம்பு பெருத்தவர்களுக்கே ஆபரேஷன் செய்கிற இடத்தில் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி பற்றி யோசிக்காதவர்கள், ஆபரேஷன் முடிந்த ராத்திரி என்னை எந்தக் கட்டிலில் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பார்கள், எப்படி எழுப்பி நடக்க வைப்பார்கள் என்று மட்டும் யோசித்திருப்பார்களா?

உள்ளே ஏழு நிமிடம் இருந்தேன். டாக்டர் என் பிஎம்ஐயை, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கைப் பார்த்தார், சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், "ஸ்லீவ் பண்ணிடலாம், அடுத்த புதன்கிழமை வர முடியுமா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒன்பது வருடமாக நெஞ்செரிச்சல், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவேன், நடு ராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி இருமி எழுந்து உட்காருவேன். அவர் கேட்கவில்லை, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று தெரியாததால் நானும் சொல்லவில்லை.

சம்பந்தம் நிறையவே உண்டு. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு ஒல்லியான குழாய் மாதிரி ஸ்டேப்ளர் போட்டு வைப்பது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வைக்க முடியாது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அதனால் சிலருக்கு அமிலம் மேலே ஏறுவது இன்னும் கூடுகிறது, இதுவரை நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்கும் புதிதாக வரலாம். பைபாஸ் வேறு மாதிரி: இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள், மீதி இரைப்பை உள்ளேயே ஒதுங்கி இருக்கும். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதற்காக பைபாஸ்தான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதில் இரும்புச்சத்து, பி12, கால்சியம் எல்லாம் குறைவது அதிகம், ப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, புண் வந்துவிடும். ஒரே ஒரு ஆபரேஷன் மட்டும் செய்யத் தெரிந்தவரிடம் போனால் எல்லா வயிறும் அந்த ஆபரேஷனுக்கு ஏற்ற வயிறாகவே அவர் கண்ணுக்குத் தெரியும் என்பது என் பயம்.

இரண்டாவது டாக்டர் நன்றாகப் பேசினார். "என் கையில இதுவரைக்கும் ஒரு சிக்கலும் வந்ததே இல்லை" என்றார், அதைக் கேட்டு அன்று எனக்கு அழுகையே வந்தது, அத்தனை நிம்மதி. சுவர் முழுக்க ஆபரேஷனுக்கு முன், பின் என்று படங்கள். (அந்தப் படங்களில் 'பின்' எப்போது எடுத்தது என்று பாருங்கள். முதல் ஒன்றரை வருடம்தான் எடை மளமளவென்று இறங்கும் காலம், ஐந்தாவது வருடத்துப் படம் கேட்டால் எத்தனை பேர் காட்டுவார்கள் தெரியவில்லை.) அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு பெண் வாரத்துக்கு நாலைந்து தடவை போன் செய்தார், இந்த மாதத்துக்குள் தேதி வாங்கினால் சலுகை உண்டு என்றார். சரி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனபின் ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். "எமர்ஜென்சிக்கு வந்துடுங்க மேடம்" என்றார். எந்த எமர்ஜென்சி, அங்கே இருப்பவருக்கு என் குடலை எப்படி மாற்றி இணைத்திருக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை நானாகக் கேட்கவில்லை, எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு அக்கா. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த இடத்தில் பழக்கம். அவர் வெகுதூரம் பயணம் போய் ஆபரேஷன் செய்துகொண்டு ஐந்தாம் நாள் ஊர் திரும்பியவர். வந்ததிலிருந்து வாந்தி. போன் செய்தால் "முதல்ல அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா குடிங்க" என்று யாரோ சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு குரல். மூன்று வாரம் போனது. பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து முழங்கால் வரை மரத்தது, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது, எழுந்து நடந்தால் தள்ளாடினார். பக்கத்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றப் போனபோது அங்கிருந்த ஒரு இளம் டாக்டர்தான் நிறுத்தி, முதலில் தயமின் கொடுக்கணும் என்று ஊசி போட்டார். தயமின் என்பது பி1 வைட்டமின், உடம்பில் அதன் இருப்பு சில வாரத்துக்குத்தான் வரும், விடாமல் வாந்தி எடுத்தால் தீர்ந்துபோகும், தீர்ந்த உடம்பில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையையே பாதிக்கும். அக்கா பிழைத்தார், கண் சரியானது, ஆனால் இன்றைக்கும் செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது. "ஆபரேஷன்ல ஒரு குறையும் சொல்ல மாட்டேன்டா, தையல்கூட அழகா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்கு ஆள் இல்லை" என்றார். நான் அதுவரை தேடிக்கொண்டிருந்தது கத்தி பிடிக்கிற கையை மட்டும்தான்.

கை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 20 சர்ஜன்கள் தாங்கள் சின்னத் துளைகள் வழியாக (லேப்ராஸ்கோப்பி) செய்த பைபாஸ் ஒன்றின் வீடியோவைக் கொடுத்தார்கள், யாருடையது என்று தெரியாமல் மற்ற சர்ஜன்கள் அதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால் பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள், முதல் கால் பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 5.2 சதவீதம். முதல் வரிசைக்காரர்களுக்கும் சிக்கல் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். "ஒன்றுமே வந்ததில்லை" என்ற பேச்சு எனக்கு அன்றோடு கசந்துவிட்டது. ஒன்று, அவர் குறைவாகச் செய்திருக்க வேண்டும், அல்லது போன நோயாளிகளைத் திரும்பப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண். அங்கே நாற்காலிகள் அகலமானவை, கைப்பிடி இல்லை. எடை பார்ப்பது தனி அறையில், நர்ஸ் எண்ணை எழுதிக்கொண்டார், வாய் திறக்கவில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எத்தனை தலையணை வச்சு தூங்குவீங்க?" என்பது. நான் வாயடைத்துப் போனேன். வாய் வழியாகக் குழாய் கேமரா விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் எந்த ஆபரேஷன் என்று சொல்ல மாட்டேன் என்றார். பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் புண், இரைப்பையின் மேல் பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தைத் தாண்டி ஏறியிருந்தது. என் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நீல மைப் பேனாவால் இரைப்பையை வரைந்து, ஸ்லீவ் போட்டால் எங்கே அழுத்தம் வரும் என்று அம்பு போட்டுக் காட்டி, "உங்களுக்கு இது வேண்டாம்மா" என்று அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

வெட்டி இணைத்த இடம் விட்டுப்போய் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் ஒழுகுவதைத்தான் கசிவு என்பார்கள். அப்போது நான் என் கேள்வியைக் கேட்டேன். கசிவு வந்தால் என்ன செய்வீர்கள் டாக்டர்? பேனாவை மூடி வைத்தார். "என் கையிலேயும் வந்திருக்கு" என்றார். யாருக்கு எத்தனையாவது நாள் தெரிந்தது, எப்படித் திரும்ப உள்ளே போய்க் கழுவி ட்யூப் வைத்தார், ஒருவர் எத்தனை நாள் ஐசியூவில் இருந்தார் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. நாடித்துடிப்பு 120க்கு மேல் போனால், மூச்சு வாங்கினால், இடது தோளில் காரணமில்லாமல் வலி வந்தால், காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று ஒரு நம்பரை எழுதிக்கொடுத்தார். பயந்து ஓடிவிடுவேன் என்று என் தங்கை நினைத்தாளாம். எனக்கு அந்த நாற்காலியிலேயே மனசு இறங்கி உட்கார்ந்துவிட்டது.

தேதி மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அதற்குள் டயட்டீஷியனை நாலு தடவை, மனநல ஆலோசகரை ஒரு தடவை, மயக்க மருந்து டாக்டரை ஒரு தடவை பார்க்க வைத்தார்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சோதித்தார்கள், கடைசி இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்காகத் தனி உணவு. அலைச்சலாகத்தான் இருந்தது. வீட்டில் "வாயைக் கட்டினா போதாதா, எதுக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்டவர்கள் உண்டு. இருபது வருடம் வாயைக் கட்டியவள் நான், அதற்கு மேல் அவர்களிடம் வாதாடவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள், ஆபரேஷனிலிருந்து நாலாம் நாள், விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து எழுந்தேன். விரலில் மாட்டிப் பார்த்தால் துடிப்பு 124. நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்த நர்ஸ், நான் பெயரைச் சொன்னதும் என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை, "எத்தனை காட்டுது?" என்றுதான் கேட்டார். நான் போய்ச் சேரும்போது ஸ்கேனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கசிவு இல்லை, நான் சரியாகத் தண்ணீர் குடிக்காததால் உடம்பு வறண்டிருந்தது, டிரிப்ஸ் ஏறியதும் துடிப்பு தணிந்தது. டாக்டர் காலை ஆறு மணிக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கூப்பிட்டது ரொம்ப சரி" என்றார். தண்ணீர் குடிக்காததற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த ஒரு வருடத்தில் எனக்குச் செய்யப்போகும் இதே ஆபரேஷனை எத்தனை செய்தீர்கள் என்று கேளுங்கள். எனக்கு எது வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். ஐந்து வருடம் கழித்தும் என் ரத்தப் பரிசோதனையை யார் பார்ப்பார் என்று கேளுங்கள், ஏனென்றால் வைட்டமின் மாத்திரையும் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு. கேள்வி கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

அக்காவுக்கு இப்போது எடை திரும்ப ஏறுகிறது, இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார்கள். இரண்டாம் ஆபரேஷனில் ஆபத்து முதலாவதைவிடக் கூடுதல், அதனால் இந்தத் தடவை அவசரப்படவில்லை. இரண்டு பேரைப் பார்த்துவிட்டோம், மூன்றாமவரை வியாழக்கிழமை பார்க்கிறோம். அக்காவின் நோட்டில் முதல் கேள்வியை நான்தான் எழுதிக்கொடுத்தேன்.