"நான் குளிப்பாட்டினதாலயா?"

அந்தப் பாப்பா கேட்டதும் "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. மேசைமேல் கிடந்த, அவள் வளர்த்த கினி பிக்கின் உடம்பில் சூடுகூட இன்னும் போகவில்லை. டாக்டர் வந்து சேரவில்லை. எதனால் செத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

கிளினிக்கில் இந்த மாதிரிக் கேள்வி புதிதில்லை. பெரியவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள். "நேத்தே கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருக்குமா மேடம்?" அதற்கு "சொல்ல முடியாதுங்க" என்று ஒரு பதில் கைவசம் இருக்கிறது. பொய்யில்லை, யாரையும் குத்தாது. நாயைப் பறிகொடுத்தவரும் மாட்டைப் பறிகொடுத்தவரும் அதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "சொல்ல முடியாது" என்றால் அதன் காதில் "ஆமாம்" என்றுதான் விழும். எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் நியாயம் இதுதான். இன்றைக்கும் அதை நான் முழுசாக விடவில்லை.

அன்றைக்கு டாக்டர் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். கன்று குறுக்கே நின்றுவிட்டது, எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. அப்பாவும் பெண்ணும் ஒரு ஷூ டப்பாவோடு வந்தார்கள். உள்ளே பழைய ஸ்வெட்டர் துணி, அதன்மேல் பிரவுன் நிறத்தில் ஒரு கினி பிக் குட்டி. பெயர் பிஸ்கட். மூன்று மாதம் இருக்கலாம். தராசில் வைத்தால் 280 கிராம்தான் காட்டியது. முடியெல்லாம் சிலிர்த்து, கண் பாதி மூடி, மூக்கைச் சுற்றிக் காய்ந்த சளி. பின்னங்காலைத் தொட்டதும் கீச்சென்று கத்தியது. பக்கத்தில் குனிந்தபோது ஷாம்பூ வாசனை அடித்தது. பாப்பா தலைக்குப் போடுவதாகத்தான் இருக்கும்.

டப்பாவின் ஓரத்தில் கேரட் இருந்தது. தோல் சீவி, நுனி நறுக்கி, காசு காசாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றுகூடக் கடிபடவில்லை.

"என்ன சாப்பிடும்?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"கேரட்தாங்க. நம்ம ஊர்ல கேரட்டுக்கா பஞ்சம்?" என்றார் அப்பா. கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் மிஷினில் அவருக்கு வேலை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றும்போது உடைந்ததை ஒதுக்கிவிடுவார்கள் இல்லையா, அதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவாராம். பாப்பா சீவிப் போடுமாம். கடையில் முயல் தீவனம் ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் உண்டு. புல்? "காட்டுல மருந்து அடிக்கிறாங்க மேடம். புல்லு மட்டும் போடவே இல்லை" என்றார், பெருமையாக.

அதைக் கேட்டபோதே எனக்கு உள்ளே ஏதோ இறங்கியது. கினி பிக் வளர்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. நாய், பூனை, மாடு, முயல் எல்லாம் தயாரித்துக்கொள்ளும். அதனால்தான் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. கினி பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 10 மில்லிகிராம் வேண்டும், வளரும் குட்டிக்கு 30 வரை. கேரட்டில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராம் பக்கம்தான் இருக்கிறது. சி போதாமல் போனால் இரண்டு மூன்று வாரத்திலேயே மூட்டு வீங்கும், நடக்க வலிக்கும், தீனி இறங்காது, சளி சுலபமாகப் பிடிக்கும். குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்த அதே 1907-ல்தான் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமாகப் போட்டு, கப்பல்காரர்களுக்கு வரும் ஸ்கர்வியை அவற்றிடம் வரவைத்துக் காட்டினார்கள். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த சங்கதி, கூண்டோடு விற்கிறவருக்குத் தெரிவதில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். வெந்நீர்ப் பை வை, வைட்டமின் சி சொட்டு மருந்தை ஒரு மில்லி சிரிஞ்சில் கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடு, அழுத்தாதே, நுரையீரலுக்குப் போய்விடும். அப்பா பக்கத்தில் நின்று "ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுருங்களேன் மேடம்" என்றார். இதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகையெல்லாம் கினி பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினைச் சுண்டெலிக்குப் போட்டுப் பார்த்தார்கள், கினி பிக்குக்குப் போட்டிருந்தால் மருந்தையே தூக்கி எறிந்திருப்பார்கள் என்று எங்கள் டாக்டர் அடிக்கடி சொல்வார். அதனால் அந்த ஊசியை அவர் வராமல் நான் தொடமாட்டேன்.

சொட்டு மருந்தில் பாதி உள்ளே போனது, பாதி வெளியே வழிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை காலை உதைத்தது. அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டைப் பாப்பா குளிப்பாட்டியிருக்கிறாள். நாற்றமடித்தது என்று அம்மா திட்டினார்களாம். வெந்நீரில்தான் குளிப்பாட்டினாள், துண்டால் துடைத்தாள், வெயிலில் வைத்தாள். "வெயிலு நல்லா இருந்துச்சுக்கா, அப்புறம் மிஸ்ட் வந்துருச்சு." இதை அவள் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் கேட்டாள்.

"இல்லம்மா."

குளியல் அதைக் கொல்லவில்லை என்று எனக்குத் தெரியுமா? தெரியாது. கினி பிக்கின் பூர்வீகம் ஆண்டிஸ் மலை. வெறும் குளிர் என்றால் ஓரளவு தாங்கும். ஈரமும் காற்றும்தான் ஆகாது. நம் ஊர் மிஸ்ட்டில் ஈர முடியோடு ஒரு மணி நேரம் இருந்தால், ஏற்கெனவே தெம்பில்லாத குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டாதா? கட்டும். ஆக நான் சொன்ன "இல்லை" முழு உண்மையில்லை. முழுப் பொய்யுமில்லை, ஏனென்றால் சரியாகத் தின்று வளர்ந்த குட்டியாக இருந்தால் அந்தக் குளியலைத் தாங்கியிருக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போகலாம். அதைத்தான் இன்னமும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் என்னை அதிகமாகக் குடைவது அடுத்த கேள்வி. பாப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப எதனாலங்க?"

என் கண் நேராக அந்தக் கேரட் துண்டுகளுக்குப் போனது. வாயில் வந்த பதில் வேறு. "கடையிலேயே ஏதாவது ஒட்டியிருக்கும்ங்க. முயலையும் இதையும் ஒண்ணா வெச்சிருப்பாங்க, முயலுக்கு ஒண்ணும் பண்ணாத கிருமி இதுக்கு நிமோனியாவைக் குடுத்துரும்." அப்படி ஒரு கிருமி உண்டு, போர்டடெல்லா என்று பெயர். முயலும் நாயும் பல சமயம் எந்தக் கோளாறும் இல்லாமல் அதைச் சுமந்துகொண்டு திரியும். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் நம்பிச் சொல்லவில்லை. அங்கே இல்லாத ஒரு கடைக்காரர் தலையில் போடுவது சுலபமாக இருந்தது. பொறுக்கி எடுத்துச் சீவி அடுக்கின அந்தக் கேரட்டைப் பார்த்துக்கொண்டே "கேரட்" என்ற சொல்லை எப்படிச் சொல்வது?

டாக்டர் வந்ததும் முழங்கால் மூட்டை அழுத்திப் பார்த்தார், விலா எலும்பு ஓரத்தைத் தடவினார், ஈறைத் திருப்பிப் பார்த்தார். "அறுத்துப் பார்த்தா நிச்சயமாச் சொல்லலாம்" என்றார். அப்பா வேண்டாம் என்று டப்பாவை மூடிவிட்டார். அவர்கள் போனதும் டாக்டர் என்னிடம், "சி இல்லை, மேல நிமோனியா. சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கோபமாக இல்லை. "அடுத்தது வாங்குவாங்க. அதுக்கும் கேரட்தான் போடுவாங்க."

எனக்கும் ரோஷம் வந்தது. உடம்பு மேசைமேல் கிடக்கும்போது தீவனப் பாடம் நடத்துவார்களா என்றேன். நாலு நாள் கழித்துப் போனில் சொல்லலாம் என்றேன். சரி, பிறகு போன் செய்தேனா? செய்யலாம் என்றுதான் இருந்தேன். நம்பர் சீட்டில் இருந்தது. அன்று பில் போடவில்லை என்பதால் சீட்டு தனியாகக் கிடந்தது, பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தோன்றும். அதற்குள் அவரே வந்துவிட்டார், பாப்பா இல்லாமல், மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில்.

பாப்பா குளிக்க மாட்டேன் என்கிறாளாம். தலையில் தண்ணீர் ஊற்றினால் கத்துகிறாளாம். "நீங்க இல்லைன்னு சொன்னீங்கன்னு சொல்லிப் பாத்தேன் மேடம். அந்த அக்கா சும்மா சொல்லுதுங்கறா."

சும்மா சொன்னது உண்மைதான். குளியலால் இல்லை என்று நான் எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் வேறு எதையும் அவளுக்குப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கவில்லை. கடையில் ஒட்டிய கிருமி என்றால் கண்ணுக்குத் தெரியுமா? அவள் கண்ணால் பார்த்தது ஈரமான பிஸ்கட்டைத்தான்.

அவர் போனில் தேடிப் பார்த்திருக்கிறார். "கேரட் மட்டும் போட்டா ஆகாதாமே?"

"கேரட் விஷமில்லைங்க" என்று ஆரம்பித்தேன். "அது மட்டும் போதாது, அவ்வளவுதான். அதாலதான்னும் உறுதியாச் சொல்ல முடியாது, அறுத்துப் பாக்கல..."

"அதெல்லாம் எனக்குப் புரிஞ்சுதுங்க" என்று கையை ஆட்டினார். "அப்பா குடுத்த கேரட்டாலதான்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டேன். அது சரிதானான்னு கேக்கத்தான் வந்தேன்."

என்ன பதில் சொல்வது? நான் அவர்மேல் போடத் தயங்கியதை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். மருத்துவமாகப் பார்த்தால் அவர் பிள்ளையிடம் சொன்னது நான் சொன்னதைவிட உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் அவர் உண்மைக்காகச் சொல்லவில்லையே. கேரட் நல்ல தீனி என்று நெட்டில் போட்டிருந்தாலும் வேறு எதையாவது தன்மேல் போட்டுக்கொண்டுதான் இருப்பார். டாக்டர் சொல்லச் சொன்னதும் அதே கேரட்தான். அவர் அன்று மேசைப் பக்கம் நின்று சொல்லியிருந்தால் இந்த மனிதர் வீட்டுக்கு என்ன எடுத்துக்கொண்டு போயிருப்பார்? இல்லை, இதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா? சொல்லாமல் விட்டதால்தான் அந்தப் பிள்ளை அத்தனை நாள் குளிக்காமல் கிடந்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டுமே.

"சரிதாங்க" என்றேன். அன்று பாப்பாவிடம் "இல்லை" என்று சொன்ன அதே வேகம் என் வாயில் திரும்ப வந்ததை நானே கவனித்தேன்.

"பாப்பா என்ன சொன்னா?"

"எங்கூடப் பேச மாட்டேங்கறா." சிரித்தார். "ஆனா குளிச்சா."

பிறகு கொய்யா, நெல்லிக்காய், குடைமிளகாய், மல்லித்தழை என்று நான் சொல்லச் சொல்லப் போனில் டைப் செய்துகொண்டார். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சி இருக்கிறது, ஒரு சின்னத் துண்டு போதும் என்றேன். எப்போதும் இரண்டாக வாங்குங்கள், தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்றும், மறக்காமல், குளிப்பாட்டவே வேண்டாம், அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை அவர் டைப் செய்யவில்லை.

"மறுபடி வாங்கப் போறீங்களா?"

"அவ கேக்கட்டும், பாக்கலாம்" என்றார். "கொய்யாக்கு என்ன மேடம், மேட்டுப்பாளையம் போற லாரி சும்மாதானே திரும்பி வருது, டிரைவர்கிட்டச் சொன்னா ஒரு கிலோ போட்டுட்டு வந்துருவாரு."